கத்தரியின் உள்பக்கம்

கிடங்கை மூடியதிலிருந்து அந்த மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பாதி வாழ்க்கைக்கு மேல் அங்கே மேற்பார்வையாளராக இருந்தவர். எந்த லாரி எந்த வாசலில் நிற்க வேண்டும், எந்தப் பெட்டி எந்த அடுக்கில் ஏற வேண்டும் என்று நாள் முழுக்கக் கையை நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தவருக்கு, திடீரென்று கையை நீட்ட ஒன்றும் இல்லாமல் போய்விட்டது. மகளும் வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போய்விட்டாள். மேற்பார்வை பார்க்க மனைவி ஒருத்திதான் மிச்சம். முதல் வாரத்திலேயே சமையலறை டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். மனைவி வந்து பார்த்துவிட்டு, சர்க்கரை எங்கே என்று மட்டும் கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை. அன்றோடு சமையலறைப் பக்கம் அவருடைய அதிகாரம் செல்லாமல் போயிற்று.

அப்புறம்தான் பால்கனிக் கதவின் தாழ்ப்பாள் மாட்டிக்கொண்டது. துருப்பிடித்து, எவ்வளவு இழுத்தாலும் வருவேனா என்று அடம்பிடித்தது. கைப்பேசியில் யாரோ ஒருவர் துருப்பிடித்த சாமானை வினிகரில் ஊறப்போட்டுக் காட்டினார். இவரும் திருகுகளைக் கழற்றி, தாழ்ப்பாளை ஒரு கண்ணாடிப் புட்டிக்குள் போட்டு, மூழ்கும்வரை வினிகரை ஊற்றினார். மறுநாள் காலையில் பழைய பல் பிரஷால் நாலு தேய் தேய்த்ததும் உள்ளேயிருந்து இரும்பு எட்டிப் பார்த்தது. அன்றைக்குப் பிடித்த பைத்தியம்தான், இன்னும் தெளியவில்லை.

ஜன்னல் கொக்கிகள், சுத்தியல், மகள் விட்டுப்போன சைக்கிளின் சங்கிலி, குடைக்கம்பி, டின் திறப்பான் என்று வீட்டில் இருந்த இரும்பெல்லாம் வரிசையாகப் புட்டிக்குள் போய் வந்தன. பால்கனியில் துணி காயப்போட இடமில்லை. வினிகர், எலுமிச்சை உப்பு, சமையல் சோடா, கம்பி பிரஷ், முரட்டு ரகத்திலிருந்து வழவழப்பு ரகம்வரை உப்புத்தாள், மெஷின் எண்ணெய் என்று ஒரு குட்டிக் கிடங்கே அங்கே முளைத்திருந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், மனிதர் வேலையை ஒழுங்காகத்தான் செய்தார். ஊறியது போதும் என்றால் உடனே எடுத்துவிடுவார். சோடாத் தண்ணீரில் அலசுவார். ஒரு சொட்டு ஈரம் தங்காமல் துடைத்து, மனைவியின் ஹேர் டிரையரால் காய வைத்து, எண்ணெய் தடவுவார். ஹேர் டிரையரில் இரும்பு வாடை வருகிறது என்று மனைவி சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

சொந்த வீட்டில் துரு தீர்ந்ததும் கண் அடுத்த வீட்டுக்குப் போயிற்று. துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட வாசல் கேட்டின் கொண்டியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனார். மாடி வீட்டு டீச்சருடைய பூட்டை அவராகவே கேட்டு வாங்கி வந்து, புதுசு மாதிரி ஆக்கிக் கொடுத்தார். டீச்சர் நன்றி சொன்னதோடு நிற்காமல் துருவாசர் என்று ஒரு பட்டமும் கொடுத்துவிட்டாள். கட்டடம் முழுக்க அந்தப் பேர் பரவியது. அவருக்கும் உள்ளூர அதில் ஒரு சந்தோஷம்தான். கிடங்கில் எல்லோரும் சார் என்றார்கள், இங்கே யாரும் எதுவும் கூப்பிடாமல் இருந்தது அவரை அரித்துக்கொண்டிருந்தது.

இப்படியே போய்க்கொண்டிருந்தபோதுதான் மனைவிக்கு ஒரு போன் வந்தது.

அவள் கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும் ஒரு பெரிய பார்லரில் முடி வெட்டிக்கொண்டிருந்தவள். கை சுத்தம் என்று பேர். மகள் பிறந்தாள், இவருக்கு ஷிப்டு மாறி மாறி வந்தது, யாராவது ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது. அந்த ஒருவர் யார் என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினதாக இவருக்கு ஞாபகம் இல்லை. அவள் கத்தரியைத் தோலுறையில் போட்டு, பரண் அலமாரியில் வைத்துவிட்டு வீட்டையும் மகளையும் பார்க்கப் போய்விட்டாள். இப்போது பேருந்து நிலையத்துக்குப் பின்னால் புதிதாக ஒரு பார்லர் திறந்திருக்கிறார்கள். கூட வேலை பார்த்த தோழி ஒருத்தி இவள் பேரைச் சொல்லியிருக்கிறாள். அந்தக் கடையின் முதலாளியம்மா கறாரான ஆள். ஒரு தடவை வந்து வெட்டிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் எதுவும். சொந்தக் கத்தரியும், வெட்டுவதற்கு ஒரு தலையும் கையோடு கொண்டுவர வேண்டும். அடுத்த வாரம் என்றுதான் முதலில் பேச்சு. ஆனால் அன்று சாயங்காலம் கூப்பிட்டு, நாளை மத்தியானமே வந்துவிடுங்கள், இன்னொருத்தியும் வருகிறாள், இரண்டு பேரையும் ஒன்றாகப் பார்த்து முடித்துவிடுகிறேன் என்றார்கள்.

மனைவியின் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை அவர் பார்த்து எவ்வளவோ காலம் ஆகியிருந்தது. அவரும் சிரித்தார். நல்லதுதானே, போய்ப் பாரு என்றார். சொல்லிவிட்டு உடனே எழுந்து பால்கனிக்குப் போய், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த ஸ்பேனரை மறுபடியும் துடைத்தார்.

பரணிலிருந்து தோலுறையை இறக்கிப் பார்த்தால் கத்தரி முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். எங்கிருந்தோ ஈரம் இறங்கியிருக்கிறது. மனைவி பதறவில்லை. காலையில் சாணைக்கடைக்காரரிடம் கொடுத்தால் ஒரு மணி நேரத்தில் சரி பண்ணிக் கொடுத்துவிடுவார் என்றாள். அதற்குள் துருவாசர் கையை நீட்டிவிட்டார்.

“எதுவும் பண்ணாதீங்க. எண்ணெய் மட்டும் தடவி வைங்க. மத்தத நான் பாத்துக்கறேன்” என்று சொல்லிவிட்டு, நாளைக்குத் தலை கொடுக்கும்படி டீச்சரிடம் கேட்டு வர அவள் மாடிக்குப் போனாள். டீச்சரிடம் பேசப் போனால் சீக்கிரம் திரும்ப முடியாது என்பது ஊருக்கே தெரியும்.

எண்ணெய்தான் எடுத்தார். சத்தியமாக எண்ணெய்தான் எடுத்தார். ஆனால் துருவைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதன் மேல் எண்ணெய் தடவுவதாவது. சும்மா கொஞ்ச நேரம் வினிகரில் நனைத்தார். வெளிப்பக்கத்தை மெல்லிய உப்புத்தாளால் வருடினார். புள்ளிகள் போய், இத்தனை நாளாக வெளியே தெரியாமல் கிடந்த நல்ல எஃகு தலைகாட்டியது. அதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. கத்தரியை விரித்துப் பார்த்தார், உள்ளேயும் புள்ளி. வெளியே பளபளப்பும் உள்ளே அழுக்குமாக வைத்துக் கொடுக்க மனசு வரவில்லை. நடுத் திருகைக் கழற்றி அலகுகளைத் தனித்தனியாக எடுத்தார். உள்பக்கம் இரண்டும் லேசாகக் குழிந்திருந்தன. பாவம், வருஷக்கணக்காக வெட்டி வெட்டித் தேய்ந்துபோயிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். கிடங்குக்காரர் இல்லையா, சமமாக இல்லாத எதுவும் அவருக்கு ஆகாது. ஒரு கண்ணாடித் துண்டின் மேல் உப்புத்தாளை விரித்து, அலகைப் படுக்கப் போட்டு, குழி மறையும்வரை முன்னும் பின்னும் இழுத்தார். இரண்டு அலகும் முகம் பார்க்கலாம் என்கிற அளவுக்கு வந்தன. திருகைப் பூட்டி, எண்ணெய் விட்டு, உறைக்குள் வைத்துவிட்டு, காலையில் அவள் எடுத்துப் பார்க்கப்போகும் முகத்தைக் கற்பனை பண்ணிக்கொண்டு படுத்தார். தூக்கம் மட்டும் சரியாக வரவில்லை. புரண்டு புரண்டு படுத்தார். ஏன் என்று அவருக்கே பிடிபடவில்லை.

காலையில் டீச்சர் தலைக்குக் குளித்துவிட்டு ஈரக் கூந்தலோடு இறங்கி வந்தாள். சாணைக்கடை திறக்க நேரம் இருக்கிறது, அதற்குள் ஓரத்தில் லேசாக வெட்டிப் பார்த்துக் கையைப் பழக்கிக்கொள்ளலாம் என்று மனைவி உறையைத் திறந்தாள். கத்தரியைப் பார்த்ததும் அட என்றாள். இவ்வளவு பளபளப்பாக இது வாங்கின அன்றைக்குக்கூட இல்லை என்று சொல்லி, அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் ஒன்றும் தெரியாதவர் மாதிரி செய்தித்தாளைப் புரட்டினார். நெஞ்சு மட்டும் ரெண்டு அங்குலம் உயர்ந்தது.

அடுத்த நொடி டீச்சர் அலறிய அலறலில் செய்தித்தாள் கீழே விழுந்தது.

முடி வெட்டுப்படவில்லை. இரண்டு அலகுக்கும் நடுவில் மடிந்து, சிக்கி, வேரோடு இழுபட்டது. மனைவி இன்னொரு தடவை வெட்டிப் பார்த்தாள், டீச்சர் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள். மனைவி ஒரு காகிதக் கைக்குட்டையை நனைத்து, கத்தரியின் வாயில் வைத்து மூடினாள். காகிதமும் வெட்டாமல் மடிந்துகொண்டது. நுனியில் மட்டும் கொஞ்சம் கிழிந்தது. அவள் கத்தரியை விரித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

“உள்பக்கத்துல கை வச்சீங்களா?”

அங்கேதான் துரு அதிகம் என்றார். குழிவிழுந்து தேய்ந்து வேறு கிடந்தது, அதையும் சமப்படுத்திவிட்டேன் என்றார். பாராட்டு இப்போதாவது வருமோ என்று ஒரு நப்பாசை.

முடி வெட்டுகிற கத்தரியின் உள்பக்கத்தைக் குழிவாகத்தான் செய்வார்கள். அந்தக் குழிவு இருக்கிறவரைக்கும்தான் இரண்டு அலகும் கூரான விளிம்பில் மட்டும் தொட்டுக்கொண்டு வெட்டும். சமமாக்கிவிட்டால் அவ்வளவுதான், அது கத்தரி மாதிரி இருக்கிற ஒரு பொம்மை. இதை மனைவி கத்திச் சொல்லவில்லை. டீச்சருக்குப் பாடம் சொல்கிற மாதிரி, அவர் முகத்தைப் பார்க்காமல் டீச்சரைப் பார்த்துச் சொன்னாள். டீச்சர் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஏதோ கூட்டம் இருக்கிறதென்று முணுமுணுத்துக்கொண்டே மாடியேறிப் போய்விட்டாள். அன்றைக்குப் பள்ளிக்கூடம் லீவு.

கதவு சாத்தின பிறகு மனைவி சொன்னாள், “நான் வேலைக்குப் போறது பிடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்.”

அவருக்குச் சுருக்கென்றது. “வேணும்னு பண்ணுவேனா? என்ன பேச்சு பேசற?” என்றார்.

அவர் கத்தரியைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, செருப்பை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்கி ஓடினார். வேண்டுமென்று பண்ணுவேனா, வேண்டுமென்று பண்ணுவேனா என்று வழியெல்லாம் வாய் முனகிக்கொண்டே போயிற்று. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சாணைக்கடைக்காரர் அப்போதுதான் கடையைத் திறந்து பெருக்கிக்கொண்டிருந்தார். கத்தரியை விரித்துப் பார்த்துவிட்டு, யார் இந்தக் காரியம் பண்ணினது என்று கேட்டார். தெரிந்தவர் ஒருத்தர் என்றார் துருவாசர். கூர் போட முடியும், ஆனால் குழிவைத் திரும்பக் கொண்டுவர வேறு சக்கரம் வேண்டும், அது தன்னிடம் இல்லை, வெளியே அனுப்பி வாங்கினால் ஒரு வாரமாவது ஆகும் என்றார் கடைக்காரர். கொஞ்சம் சீக்கிரம் என்று இவர் இழுத்தார். அதெல்லாம் நடக்காது என்று அவர் கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. ஒரு வாரம் ஆகும் என்று காதில் விழுந்ததும், நேற்றுச் சாயங்காலம் போன் வந்ததிலிருந்து நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று விட்டது. மூச்சு நன்றாக வந்தது. அப்பாடா என்று இருந்தது. கடை வாசலிலேயே நின்றுவிட்டார். எதற்கு அப்பாடா? அவளுடைய வேலை போய்விட்டது என்றா? இப்படி ஒரு நினைப்பு தனக்குள் இருக்கும் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பார்.

நடக்க ஆரம்பித்தார். எங்கே போகிறோம் என்று இல்லாமல் நடந்தார். காலையில் எழுந்ததும் அவள் போடுகிற டீ, அப்புறம் பேப்பர், மத்தியானம் அவள் தொலைக்காட்சி பார்த்தபடி காய் நறுக்குவது, சாயங்காலம் இரண்டு பேரும் பால்கனியில் நின்று தெருவைப் பார்ப்பது என்று அவருடைய நாள் முழுக்க அவளைப் பிடித்துக்கொண்டுதான் நகர்ந்தது. அவள் போய்விட்டால் அந்த வீட்டில் அவரும் புட்டிகளும்தான். துரு எடுக்கவும் இனி ஒன்றும் பாக்கி இல்லை. அந்தப் பயம்தான் உண்மை. ஆனால் அதற்காகவா கத்தரியைத் தேய்த்தார்? இல்லை, சத்தியமாக இல்லை. எண்ணெய் மட்டும் என்று அவள் சொன்னது காதில் விழுந்ததா? விழுந்தது. அப்புறம் ஏன்? இதே கேள்வியோடு இரண்டு தெரு சுற்றினார்.

வழியில் அவருக்கு வழக்கமாக முடி வெட்டுகிறவரின் கடை வந்தது. உள்ளே போய் ஒரு மத்தியானத்துக்கு மட்டும் ஒரு கத்தரி கடன் தர முடியுமா என்று கேட்டார். அந்த மனிதர் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்ட மாதிரி இரண்டடி பின்னால் போய்விட்டார். வேண்டுமானால் கடைச் சாவியைத் தருகிறேன், கத்தரியை மட்டும் கேட்காதீர்கள் என்றார். அவர் தொழிலில் யாரும் கத்தரியை அடுத்தவர் கையில் கொடுப்பதில்லை, கொடுத்தால் பழகின கை மாறிவிடுமாம். வந்ததற்கு முகச்சவரமாவது பண்ணிக்கொண்டு போகிறீர்களா என்று கேட்டார். இவர் வேண்டாம் என்று வெளியே வந்தார்.

வீட்டுக்குத் திரும்பியபோது மனைவி உடை மாற்றிக்கொண்டு, கையில் கைப்பேசியோடு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். தோழியிடமும் கேட்டுப் பார்த்திருக்கிறாள், கழுத்தைக் கேள் தருகிறேன், கத்தரியைக் கேட்காதே என்று அவளும் சொல்லிவிட்டாள். தள்ளிப்போடலாமா என்று பார்லருக்கு போன் பண்ணினால், வர முடியாவிட்டால் பரவாயில்லை, அந்த இன்னொருத்தியையே எடுத்துக்கொள்கிறோம் என்றார்களாம். இரண்டு நிமிஷத்தில் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்று வைத்திருக்கிறாள். என்ன ஆயிற்று என்று அவள் கேட்கவில்லை. அவர் முகமே சொல்லியிருக்கும்.

அவளுடைய விரல் போனின் மேல் போவதைப் பார்த்ததும் துருவாசர் குறுக்கே போய் நின்றார். நுனி கொஞ்சம் வெட்டுகிறது இல்லையா என்று கேட்டார். நுனி வெட்டுகிறது, நடுவில்தான் பிடித்து இழுக்கிறது என்றாள். நுனியாலேயே கொஞ்சம் கொஞ்சமாக வெட்டினால்? வெட்டலாம், நேரம் ஆகும், அப்போதும் இடையிடையே இழுக்கத்தான் செய்யும், நாற்காலியில் உட்காருகிறவர்கள் சும்மா இருப்பார்களா, டீச்சர் போட்ட சத்தத்தைத்தான் கேட்டீர்களே என்றாள்.

“எனக்கு வெட்டு. நான் வாயே தொறக்க மாட்டேன்” என்றார்.

தலைமுடி விஷயத்தில் மட்டும் அவருக்குக் குறையில்லை. அவர் வயசுக்காரர்கள் எல்லாம் வழுக்கையை மறைக்க அரும்பாடு பட்டுக்கொண்டிருக்கையில் இவருக்கு மட்டும் கறுப்பும் வெள்ளையுமாக அடர்ந்து கிடந்தது. மனைவி அந்தத் தலையையும் அதற்குக் கீழே இருந்த முகத்தையும் கொஞ்ச நேரம் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, எழுந்து பையை எடுத்துக்கொண்டாள்.

பார்லரில் சுவர் நீளத்துக்குக் கண்ணாடி. மூலையில் இருந்த பெஞ்சில் அந்த இன்னொருத்தி தன் தங்கையோடு உட்கார்ந்து முறைக்குக் காத்திருந்தாள். முதலாளியம்மா மூக்குக்கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள், கையைக் கட்டிக்கொண்டு நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். மனைவி அவருடைய கழுத்தைச் சுற்றித் துணியைக் கட்டி, தலையில் தண்ணீர் தெளித்து வாரினாள்.

முதல் வெட்டிலேயே அவருக்கு உயிர் போய் வந்தது. டீச்சரை இனிமேல் ஒரு வார்த்தை சொல்லக் கூடாது என்று முடிவு பண்ணினார். அவள் நுனியை மட்டும் வைத்து, சீப்பில் முடியை இறுக்கிப் பிடித்து, எலி கொறிக்கிற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தாள். அப்படியும் மூன்று வெட்டுக்கு ஒரு வெட்டு நழுவி நடுவில் போய்ச் சிக்கியது. உச்சந்தலை பரவாயில்லை. பிடரி மோசம். காதுக்குப் பின்னால் வந்தபோது அவர் துணிக்குள்ளே கையை வைத்துத் தொடையைக் கிள்ளிக்கொண்டார். நாலாவது ஐந்தாவது இழுப்பில் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. முகத்தை மட்டும் கல்யாண போட்டோவுக்கு உட்கார்ந்தவர் மாதிரி வைத்திருந்தார்.

வலிக்கு நடுவில்தான் அந்த எண்ணம் வந்தது. ஒரே ஒரு ஆ போதும். வேண்டுமென்று பண்ணினதாகக்கூட இருக்காது, வலித்தால் யார்தான் கத்த மாட்டார்கள். முதலாளியம்மா கத்தரியை வாங்கிப் பார்ப்பாள். கதை முடிந்தது. சாயங்காலம் இரண்டு பேரும் வீட்டில் இருப்பார்கள். கொஞ்ச நாள் அவள் பேச மாட்டாள், அப்புறம் பேசுவாள், டீ போடுவாள். எல்லாம் பழையபடி ஆகிவிடும். அந்த ஆ தொண்டை வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை விழுங்கவும் முடியவில்லை, விடவும் மனசு இல்லை.

முதலாளியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து, கண்ணாடிக்குள் இருந்த அவருடைய முகத்தைப் பார்த்தாள். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“சார், கண்ணு கலங்கியிருக்கே. முடி இழுக்குதா?”

மனைவியின் கை நின்றது. கத்தரி அவருடைய இடது காதுக்குப் பக்கத்தில், பாதி விரிந்தபடி அப்படியே இருந்தது. பெஞ்சில் இருந்தவள் தங்கையின் காதில் பேசிக்கொண்டிருந்ததை நிறுத்திவிட்டுத் திரும்பினாள். துருவாசர் கண்ணாடியைப் பார்த்தார். நேற்றுச் சாயங்காலம் போனை வைத்துவிட்டுச் சிரித்த முகம் இப்போது அங்கே நின்றுகொண்டிருந்தது, சிரிப்பு மட்டும் இல்லை. அவள் கெஞ்சவில்லை, கண்ணைக் காட்டவில்லை. கையில் கத்தரியோடு சும்மா நின்றாள்.

“இல்லீங்க. ஏசிக் காத்து எனக்கு ஒத்துக்காது, கண்ணுல தண்ணி வந்துடும்” என்றார். குரல் கொஞ்சம் கீச்சென்று வந்தது. அதைச் சரிக்கட்ட, சுகமாகத்தான் இருக்கிறது, தூக்கமே வருகிறது என்று சேர்த்துக்கொண்டார்.

முதலாளியம்மா ஏசியைக் குறைக்கச் சொன்னாள். மனைவி காதோரத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போனாள். அந்தப் பக்கம் இன்னும் மோசமாக இழுத்தது, கை அவசரப்பட்டுவிட்டதோ என்னவோ. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

முடிந்ததும் முதலாளியம்மா அவருடைய தலையைப் பூசணிக்காயைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி இப்படியும் அப்படியும் திருப்பினாள். பிடரியில் விரலை ஓட்டினாள். இரண்டு காதோரத்தையும் அளந்தாள். பெஞ்சில் இருந்தவளையும் வெட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு வந்து, வேகம் பத்தாது, ஆனால் வெட்டு சுத்தமாக இருக்கிறது, திங்கட்கிழமையிலிருந்து வாருங்கள் என்று மனைவியிடம் சொன்னாள். வேகம் பத்தாது என்றதும் மனைவியின் முகம் சுண்டியது. அந்தக் காலத்தில் அவள் வேகத்துக்குத்தான் ஆட்கள் காத்துக் கிடப்பார்கள். நன்றி மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பேருந்து நிறுத்தம் வரைக்கும் விடுவிடுவென்று முன்னால் நடந்தாள். அங்கே நிழலில் நின்றதும், திரும்புங்கள் என்று சொல்லி, அவருடைய காலரில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிவிட்டாள். காதுக்குப் பின்னால் சிவந்து தடித்திருந்த இடத்தை விரலால் தொட்டாள். அவர் துள்ளினார்.

“ரொம்ப வலிச்சுதா?”

“உயிரே போயிடுச்சு” என்றார். ஒரு நாளைக்கு அத்தனை பொய்தான் அவரால் சொல்ல முடியும். அதற்கு மேல் தாங்கவில்லை, இதையும் சொல்லிவிட்டார். “அந்தம்மா கேட்டாங்கல்ல, அப்ப ஆமான்னு சொல்லிடலாம்னு தோணிச்சு. வலிக்காக இல்ல.”

“தெரியும்” என்றாள். “கண்ணாடியில உங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தானே நின்னேன்.”

“அப்ப நீயாவது ஏதாவது சொல்லிச் சமாளிச்சிருக்கலாமே. ஏன் சும்மா நின்ன?”

மனைவி பையைத் தோளில் சரியாக மாட்டிக்கொண்டாள். பேருந்து வருகிற திசையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியணும்ல.”

இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தும் அவளுக்கு அது தெரிந்திருக்கவில்லை. கோபப்படலாமா என்று பார்த்தார், கோபம் வரவில்லை. அந்த நாற்காலியில் வாயைத் திறக்கிற வரைக்கும் அவருக்கே தெரிந்திருக்கவில்லையே. பேருந்து வந்து நின்றது. கூட்டத்தில் அவள் முன்னால் ஏறினாள், அவர் பின்னாலேயே ஏறினார்.